தடுப்பதா, துணைநிற்பதா?

அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாய் தந்தையரின் உள்ளத்திலும் ஓயாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: நம் மவுத்துக்குப் பின் இவனை யார் பார்ப்பார்? இக்கேள்வி நம் காலத்தில் முளைத்ததன்று. இதற்கான விடையை நம் வரலாற்றிலும் பிறர் வரலாற்றிலும் தேடுவது பயனுடையது.

மதீனாவில் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்றொரு நபித்தோழர் இருந்தார். தலைக்காயத்தால் அவருடைய சிந்தனை தளர்ந்திருந்தது. கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்தார். அவருடைய குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து அவரைத் தடுத்து வைக்குமாறு வேண்டினர். நபியவர்களும் முதலில் தடுத்தார்கள். வணிகம் செய்யாமல் தம்மால் இருக்க முடியாது என்று அவர் முறையிட்டார். அப்போது நபியவர்கள், விற்கும்போதும் வாங்கும்போதும் ஏமாற்றுக்கு இடமில்லை என்று முன்னரே அறிவித்துவிடும்படி கற்பித்தார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் தவணையும் அளித்ததாக அறிவிப்புகளில் வருகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. குடும்பத்தாரின் அச்சம் நியாயமானது. அவருடைய ஆசையும் நியாயமானது. நபியவர்கள் அவரைக் கடைத்தெருவிலிருந்து அகற்றவில்லை. அங்கே அவருக்கு ஒரு காப்பை அமைத்துக் கொடுத்தார்கள்.

பின்வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் இவ்வழியை விரித்தனர். அறிவு குன்றியவரை ‘மஅதூஹ்’ என்பர். ஹனஃபி மத்ஹபில், அவருக்கு நன்மை மட்டுமே தரும் அன்பளிப்பை ஏற்பது போன்ற செயல் தானே செல்லும். தீங்கு மட்டுமே தரும் செயல் செல்லாது. இலாபமும் நட்டமும் கலந்த வாங்கல் விற்றல் பொறுப்பாளரின் இசைவைப் பொறுத்தது. முழு உரிமை, முழுத் தடை என்ற இரண்டோடு நில்லாமல் இடைப்பட்ட படியையும் அவர்கள் வகுத்தனர். அநாதைகளைச் சோதித்துப் பார்த்துப் பக்குவம் கண்டபின் அவர்களின் பொருளை ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயம் பணிப்பதும் படிப்படியான விடுதலையே.

ஐரோப்பா வேறு பாதையில் சென்றது. 1855-இல் இங்கிலாந்தின் எர்ல்ஸ்வுட்டில் இத்தகையோருக்கென்றே பெரிய காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. கற்பிக்கும் நோக்கோடு தொடங்கிய இவ்வகை இல்லங்கள், காலப்போக்கில் அடைத்து வைக்கும் இடங்களாயின. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அடைப்புக்கு வலுவூட்டியது. கார்டிஃபின் ஈலி மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 1969-இல் விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. 1971-இல் அரசின் வெள்ளை அறிக்கை, அவர்களைச் சமூகத்தின் நடுவே வாழவைக்கும் திசைக்குத் திரும்பியது. இன்று அங்கே பலர் தம் சொந்த வாசலுள்ள வீட்டில் வாழ்கின்றனர். சமைக்கவும், பணத்தை எண்ணவும், பேருந்தில் செல்லவும் உதவியாளர் கற்றுக்கொடுப்பார். கற்றுக்கொண்டதில் அவர் கை விலகும், இயலாததில் தொடரும்.

இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பெற்றோர் மறைந்தபின் பராமரிப்புக்கு வழிசெய்வதையும், இயன்றவரை சுயமாகச் சமூகத்திற்குள் வாழச் செய்வதையும் தன் நோக்கங்களாகக் கொண்டது. பதினெட்டு வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட அளவில் குழுவும் உண்டு.

ஆனால் சட்டம் வீட்டு வாசல்வரைதான் வரும். அன்பின் மிகுதியால் நாற்பது வயது மகனுக்கும் நாமே சட்டைப் பொத்தான் போடுகிறோம். அந்தக் கை ஒருநாள் மண்ணுக்குள் போகும்போது, அவன் கற்காத பாடங்கள் அனைத்தும் ஒரே நாளில் அவன்மேல் விழும். ஆதலால் நாம் ஹயாத்தோடு இருக்கும்போதே, ஒரு தேநீர் போடுவதிலிருந்தேனும், கடைக்குச் சென்று மீதிச் சில்லறை வாங்கி வருவதிலிருந்தேனும் அவனுக்குத் தொடங்கிக் கொடுப்போம். தெருக் கடைக்காரரும் ஜமாஅத்தாரும் அவனை ஏமாற்றாதிருப்பது அவர்கள் மீதுள்ள அமானிதம். மதீனாவின் கடைத்தெரு ஒரு மனிதருக்காகத் தன் வழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொண்டது. நம் தெருவும் மாறலாம், இன்ஷா அல்லாஹ்.