ஐந்து கேள்விகள் பிறந்த கதை

பன்னிரண்டு வயதில்தான் எனக்கு முதன்முதலாகப் பல்லுப் பிடுங்கினார்கள். நாலு நாள் கிராம்பு வைத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்து, கன்னம் வீங்கிய பிறகே அம்மா கரவெட்டியிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கதிரையில் சாய்ந்ததும் என் கைகள் இரண்டும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. என் விரல்களை மெல்லப் பிரித்து உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது.

"பயமா இருக்கோ தம்பி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நொந்தால் இடக்கையை உயர்த்தும். நான் உடனே நிப்பாட்டுவன்."

விறைப்பூசி முரசில் இறங்கியபோது கையை உயர்த்தினேன். சொன்னபடியே நிறுத்தினார். அதன் பிறகு உயர்த்தத் தேவை வரவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் செய்தது ஓர் அளவீடு. உள்ளங்கை வியர்வை, ஒரு கேள்வி, கையில் ஒரு கட்டுப்பாடு. பற்சிகிச்சையின்போது நோயாளி படும் பதற்றத்தை அளக்க உலகம் கண்ட வழிகளும் இந்த மூன்றைச் சுற்றியே வளர்ந்தன.

நோவை வெல்லும் முயற்சியில் பல் வைத்தியர்கள் முன்னணியில் நின்றவர்கள். 1844இல் சிரிப்பூட்டும் வாயுவைத் தன் பல்லிலேயே சோதித்த ஹொரேஸ் வெல்ஸும், 1846இல் பொஸ்ரன் வைத்தியசாலையில் ஈதரைக் கொண்டு சத்திரசிகிச்சை நோயாளியை மயக்கிக் காட்டிய வில்லியம் மோர்ட்டனும் பல் வைத்தியர்களே. சுவீடனில் 1943இல் உருவான லிக்னோகெயின் இன்றுவரை பல் வைத்தியரின் ஊசியில் இருக்கிறது. நோ அடங்கியது. பயம் அடங்கவில்லை. மயக்கத்தில் கிடப்பவருக்கு நடப்பது தெரியாது. பல்லுக் கதிரையில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். வாய் திறந்தபடி இருப்பதால் சொல்லவும் முடியாது. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவருக்கு அந்தப் பதற்றமே ஆபத்தாகலாம். அதனால்தான் அதை அளக்க வேண்டி வந்தது.

முதலில் உடலிடம் கேட்டார்கள். 1888இல் பிரான்சில் சார்ல் ஃபெரே, தோலின் ஊடாக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மனம் கலங்கும்போது தோலின் மின்தடை குறைவதைக் கண்டார். உள்ளங்கையின் வியர்வைச் சுரப்பிகள் வெயிலை விட மனக் கலக்கத்துக்கே அதிகம் பணிபவை. பரிவு நரம்புகள் தூண்டியதும் அவை சுரக்கின்றன. ஈரமான தோல் மின்னை இலகுவாகக் கடத்துகிறது. என் வைத்தியர் விரலால் தொட்டு அறிந்ததை, இரண்டு விரல்களில் மாட்டிய கம்பிகள் எண்ணாகச் சொல்லின. 1896இல் இத்தாலியில் ரிவா ரொச்சி கையில் சுற்றும் அழுத்தப் பட்டியைத் தந்தார். 1905இல் ரஷ்யாவின் கொரொட்கொவ் அதனுடன் காதுக்குழாயைச் சேர்த்தார். நாடித்துடிப்பு, அழுத்தம், வியர்வை எல்லாம் எண்களாயின.

ஆனால் பல்லுக் கதிரையில் உடல் சொல்லும் சாட்சியம் எப்போதும் தெளிவாக இராது. விறைப்பு மருந்தில் பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே தக்கவைப்பது அதன் வேலை. அதே அட்ரினலின் நெஞ்சையும் படபடக்க வைக்கும். துடிப்பு ஏறியது பயத்தாலா, மருந்தாலா? உமிழ்நீரில் கோர்ட்டிசோல் பார்க்கலாம் என்றால், அது காலையில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பயந்த பிறகு உச்சத்துக்கு வர இருபது நிமிடமளவில் எடுக்கும். அதற்குள் பல்லே கழன்றிருக்கும்.

இந்த இடத்தில்தான் நோர்மன் கோரா வருகிறார். அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர். பற்சிகிச்சையின்போது ஏற்படும் மன அழுத்தத்தைப் பற்றி 1968இல் ஓர் ஆய்வை இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். அடுத்த வருடம், 1969இல், நான்கே கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தந்தார். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில்? கதிரையில் இருந்து, அவர் துளைக்கும் கருவியை ஆயத்தம் செய்யும்போது? பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யக் கருவிகளை எடுக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். மொத்தம் 4 முதல் 20 வரை புள்ளிகள்.

இந்தத் தாளின் பெறுமதி அதன் எளிமையில் இருந்தது. கம்பியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நோயாளி சொல்வதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டது. கோரா அத்தோடு நிற்கவில்லை. 1973இல் சிறுவர்களின் கையில் இரண்டு பொத்தான்கள் உள்ள கருவியைக் கொடுத்து, வைத்தியருக்குத் தாங்களே சைகை காட்ட விட்டால் அவர்களின் பதற்றம் குறையுமா என்று ஆராய்ந்தார். எனக்குக் கிடைத்த இடக்கையின் வேலையைத்தான் அந்தப் பொத்தான்கள் செய்தன.

நான்கு கேள்விகளில் ஒரு பெரிய குறை இருந்தது. ஊசி இல்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "ஊசிதான் பயம்" என்பார்கள். அந்த ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. 1995இல் பிரித்தானியாவில் ஜெரி ஹம்ஃப்ரிஸும் கூட்டாளிகளும் ஐந்தாவது கேள்வியாக அதைச் சேர்த்தார்கள்: மேல் கடவாய்ப் பல்லுக்கு மேலே ஊசி போடப் போகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? விடைகளையும் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே மாதிரியாக்கி, 'பதற்றமில்லை' முதல் 'மிகக் கடும் பதற்றம்' வரை ஐந்து படிகளில் அமைத்தார்கள். புள்ளிகள் 5 முதல் 25 வரை. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அவரைத் தனிக் கவனத்துடன் அணுக வேண்டும்.

அந்தத் தாள் 2012இல் தமிழுக்கு வந்தது. சென்னை ராமாபுரத்தில் உள்ள எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரியின் தேவப்பிரியா அப்புக்குட்டனும் உடன் ஆய்வாளர்களும், தமிழ் வடிவம் நம்பத்தகுந்ததா, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று சோதித்து வெளியிட்டார்கள். இப்படியான தாளைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது. பயம், பதற்றம், கலக்கம், அந்தரம் எல்லாம் ஒன்றல்ல. 'கொஞ்சம்' என்பதற்கும் 'ஓரளவு' என்பதற்கும் உள்ள இடைவெளியை வாசிப்பவர் உணராவிட்டால் எண் பிழைத்துப் போகும்.

இத்தனை பாடுபட்டு ஓர் எண்ணைப் பெறுவதால் என்ன பயன்? அதற்கான விடையை 2002இல் வெளியான ஓர் ஆய்வு தந்தது. டெய்லி, ஹம்ஃப்ரிஸ், லெனன் ஆகியோர் பதற்றம் மிகுந்த நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோரும் தாளை நிரப்பினார்கள். ஒரு குழுவினர் மட்டும் அதைத் தங்கள் வைத்தியரின் கையில் கொடுத்தார்கள். வைத்தியரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கொடுத்தவர்களின் பதற்றமே கூடுதலாகத் தணிந்திருந்தது. தன் பயம் வைத்தியருக்குத் தெரியும் என்பதே நோயாளிக்கு ஒரு மருந்தாகிவிட்டது. ஒரு தாளும் ஒரு பேனையும் போதுமான மருந்து.

பயந்தவர் பின்போடுவார். பின்போட்டால் சூத்தை ஆழமாகும். அடைத்து முடித்திருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டி வரும். அந்த அனுபவம் அடுத்த பயத்தை வளர்க்கும். கிராம்போடு நாலு நாள் கடத்திய எங்கள் வீட்டுக் கதை வடமராட்சியில் எத்தனையோ வீடுகளின் கதை.

அதனால் எனக்கு ஓர் ஆசை. இந்தத் தாள் எங்கள் பக்கத்துக் காத்திருப்பு வாங்குகளில் எங்கள் பேச்சிலேயே கிடைக்க வேண்டும். சென்னையில் ஈறு என்பது இங்கே முரசு. அங்கே வலி, இங்கே நோ. எழுத்து வாசிக்கச் சிரமப்படும் ஓர் ஆச்சிக்குப் பக்கத்தில் ஒரு தாதி இருந்து, "மேல் முரசில ஊசி போடப் போறம் எண்டால் உங்களுக்கு எப்பிடியணை இருக்கும்?" என்று கேட்டு, அவர் சொல்லும் படியில் கோடு போட்டால் போதும். அந்தத் தாள் கோப்புக்குள் போகாமல் நேரே வைத்தியரின் கைக்குப் போக வேண்டும். அவர் அதைப் பார்த்துவிட்டு ஆச்சியின் உள்ளங்கையைத் தொடட்டும். இடக்கையை எப்போது உயர்த்தலாம் என்று சொல்லிக் கொடுக்கட்டும். வாயைத் திறக்கச் சொல்வது அதற்குப் பிறகு.