வெளிநில ஓட்டமும் அதன் விசித்திரக் கணக்கும்

ஓட்டப் பந்தயங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், முதலாவதாக வந்தவனுடைய பெயரை எழுதிவைத்துவிட்டு அவனுக்குப் பின்னே வந்தோரை மறந்துவிடுவது வழக்கம். மாலையும் கிண்ணமும் அவனுக்கே. மற்றையோர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீடுபோய்ச் சேரவேண்டியதுதான். ஆனால் 'கிறோஸ் கன்றி' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட வெளிநில ஓட்டத்திற்கு இவ்வழக்கம் பொருந்தாது. செப்பஞ்செய்த ஓடுபாதையை விட்டு, புற்றரை, சேறு, மேடு, பள்ளம், வாய்க்கால் யாவற்றையும் கடந்து செல்லும் இவ்வோட்டத்தில், நெடுநேரங் கழித்து மூச்சுவாங்கி வருபவனையும் ஆவலோடு எதிர்பார்த்து நிற்பார்கள். அதற்குக் காரணமான கணக்கையும், அக்கணக்கோடு வளர்ந்த நாடுகளுக்கிடையிலான போட்டியின் வரலாற்றையும் எமது இளைஞர் அறிந்திருத்தல் நன்றென எண்ணி இதனை எழுதுகின்றோம். முன்னாளில் ஓடியாடிய முதியோரும் இதிற் சுவை காண்பார்கள்.

இவ்வோட்டம் பிறந்தது இங்கிலாந்துப் பாடசாலைகளில். இருவர் முயல்களாகிக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டு முன்னே ஓடுவர். மற்றையோர் வேட்டைநாய்களாகி அக்காகிதத் தடத்தைப் பற்றித் துரத்துவர். றக்பி, ஷ்றூஸ்பரி முதலிய பாடசாலைகளின் மாணவர் இதில் மிகுந்த பித்துக்கொண்டிருந்தனர். பின்னர் வளர்ந்தோரும் விளையாட விரும்பியபடியால் 1868இல் இலண்டனில் 'தேம்ஸ் முயலும் நாய்களும்' என்ற பெயருடனேயே ஒரு கழகம் எழுந்தது. 1876இல் எப்பிங் காட்டில் இங்கிலாந்து முழுவதற்குமான முதற் போட்டி நடந்தபோது, ஓடியவர் அத்தனைபேரும் வழிதவறிப் போனமையால் அப்போட்டியே செல்லாதென்று கைவிடப்பட்டது! அடுத்த ஆண்டு மீண்டும் நடத்தி ஒருவாறு நிலைநாட்டினார்கள். உலகப் போட்டியாக வளர்ந்த ஒன்றின் தொடக்கம் இப்படி இருந்ததைப் படிக்கையில் எமக்குச் சிரிப்பும் வருகின்றது. ஓர் ஆறுதலும் உண்டாகின்றது.

இனிக் கணக்கைச் சொல்வோம். பழைய சர்வதேசப் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஒன்பது பேர் ஓடுவர். அவர்களுள் முந்திவந்த அறுவரின் இடங்களைக் கூட்டுவார்கள். முதலாவதாக வந்தவனுக்கு ஒரு புள்ளி, பத்தாவதாக வந்தவனுக்குப் பத்துப் புள்ளி. கூட்டுத்தொகை குறைந்த நாடே வெற்றி பெறும். ஒரு நாட்டார் முதலாம் இரண்டாம் இடங்களைப் பிடித்து, மற்றை நால்வரும் 15, 20, 25, 60 என்ற இடங்களில் வந்தார்களென்று வைத்துக்கொள்வோம், தொகை 123. வேறொரு நாட்டார் முதல் ஏழு இடங்களில் ஒன்றைத்தானும் பெறாமல், எட்டிலிருந்து பதின்மூன்று வரையுள்ள இடங்களில் ஒருமிக்க வந்தால் தொகை 63 மாத்திரமே. இரண்டு வீரரை வைத்திருந்த நாடு தோற்றது. வீரன் என்று சொல்ல ஒருவனுமில்லாத நாடு வென்றது. ஆகவே பயிற்சியாளன் கண் முதல்வன்மீது இராது, ஆறாவது ஆள்மீதே இருக்கும்.

1898இல் பரிசுக்கு அண்மையிலுள்ள வில் தாவ்றே என்னுமிடத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் முதன்முதல் எதிர்த்து ஓடின. இங்கிலாந்து 21 புள்ளி பெற்றது. ஒன்று முதல் ஆறுவரை கூட்டிப் பாருங்கள். இதனிலும் குறைந்த தொகை இருக்க முடியாது. பிரான்சுக்கு வந்த தோல்வி அத்தகையது. 1903ஆம் ஆண்டு பங்குனி மாதம் 28ஆந் தேதி ஸ்கொத்லாந்தின் ஹமில்ரன் குதிரைப் பந்தயத் திடலில் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கும் கூடி ஓடியதே சர்வதேச வெளிநில ஓட்டப் போட்டியின் தொடக்கம். ஒரே முடியின் கீழிருந்த நால்வர் தமக்குள் ஓடிவிட்டு அதற்குச் 'சர்வதேசம்' என்று பெயர் வைத்தது சற்றே பெரிய பேச்சுத்தான். அல்பிறட் ஷ்றப் என்ற ஆங்கிலேயர் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் முதல்வரானார். 1907இல் பிரான்சும் வந்து சேர்ந்தது.

பிரான்சுக்கு அப்போது ஒரு பெரு வீரர் வாய்த்தார். மார்செய் நகரத்தவரான ஜோன் புவான் 1911, 1912, 1913 என்ற மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து முதலிடம் பெற்றார். 1912 ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர் ஓட்டத்தில் பின்லாந்தின் கொலெமைனனிடம் பத்திலொரு விநாடியாலேதான் தோற்றார் என்றால் அவருடைய ஆற்றலை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளிலும் நாட்டுக்குரிய வெற்றி இங்கிலாந்துக்கே போயிற்று. புவான் தனியே முன்னே ஓடினார். அவருக்குப் பின்னால் ஆங்கிலேயர் கூட்டமாக வந்தனர். 1914ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் அவர் போர்க்களத்தில் மாண்டார், வயது 25. தமது நாடு வெல்வதை அவர் காணவில்லை. 1922இல் கிளாஸ்கோவில் நடந்த போட்டியிலேதான் இங்கிலாந்தின் தொடர்வெற்றியைப் பிரான்ஸ் முறித்தது. அன்று முதலாவதாக வந்த ஜோசப் கியெமோ, அதே போரில் நச்சுப் புகையால் நுரையீரல் பழுதுபட்டவர். இருதயம் வலப்புறத்தில் அமைந்த உடல் அவருடையது. அவர் முன்னே வந்ததும் பெரிதே. ஆனால் புவானுக்குக் கிடையாதிருந்த ஐவர் இவருக்குப் பின்னால் வந்தமையாலேயே கிண்ணம் கடல் கடந்து போயிற்று.

இக்கணக்கின் கொடுமையையும் அருமையையும் ஒருங்கே காட்டியது 1924ஆம் ஆண்டு ஆடி மாதம் 12ஆந் தேதி பரிசில் நடந்த ஒலிம்பிக் ஓட்டமாகும். 1912, 1920, 1924 என்ற மூன்று ஒலிம்பிக்குகளில் மாத்திரமே வெளிநில ஓட்டம் தனிப் போட்டியாக இடம்பெற்றது. அங்கே மூவரின் இடங்களை எண்ணினார்கள். அன்றைய வெயில் 40 பாகை செல்சியசையும் தாண்டியது. பாதை சேன் நதியோரமாகக் களைகள் அடர்ந்த நிலத்தினூடே சென்றது. அருகிலிருந்த மின்னிலையத்தின் புகை வேறு. 38 பேர் புறப்பட்டனர். வழியெங்கும் வெயிலால் மயங்கி விழுந்தனர். முடித்தவர் 15 பேரே. பின்லாந்தின் பாவோ நூர்மி, இரண்டு நாட்களுக்கு முன்னர் ஒரே பிற்பகலில் இரண்டு தங்கப் பதக்கம் பெற்றவர், ஒன்றுமே நடவாதவர்போல முதலாவதாக வந்தார். அவருடைய நாட்டவரான வில்லே ரிற்றோலா இரண்டாவது. இருவர் வந்தாயிற்று, மூன்றாமவர் வேண்டும்.

அந்த மூன்றாமவர் ஹெய்க்கி லீமற்றைனன். பத்துப் பேருக்கு மேல் வந்து சேர்ந்தபின் அவர் தள்ளாடித் தள்ளாடி அரங்கினுட் புகுந்தார். முடிவுக்கோட்டுக்குச் சற்றுத் தூரத்தில் திக்குத் தெரியாமல் நின்றுவிட்டார். பின்பு வந்த வழியே திரும்பி நடக்கலானார். கூடியிருந்தோர் கூக்குரலிட்டனர். அதைக் கேட்டோ, தாமாகவே உணர்ந்தோ, மறுபடி திரும்பி மெல்ல நடந்து கோட்டைக் கடந்தார். பன்னிரண்டாம் இடம். பின்லாந்துக்குத் தங்கம். மூவரையும் கொண்டுவந்து சேர்த்தவை பின்லாந்து, அமெரிக்கா, பிரான்ஸ் என்ற மூன்று நாடுகளே. நூர்மியின் சிலை இன்று ஹெல்சிங்கியில் நிற்கின்றது. லீமற்றைனனின் அந்தப் பத்துப் பதினைந்து அடிகளை எம்மால் மறக்க முடியவில்லை. அன்றைய காட்சியைக் கண்டு அஞ்சி ஒலிம்பிக்கார் இவ்வோட்டத்தை அத்தோடு நீக்கிவிட்டனர். வெயிற்காலத்தில் நடத்தியது தவறா, ஓட்டமே தவறா என்று அவர்கள் ஆற அமர ஆராய்ந்திருக்கலாம் என்பது எமது எண்ணம்.

சர்வதேசப் போட்டி தொடர்ந்து நடந்தது. பெண்களுக்கும் 1931இல் பிரான்சின் தூவே நகரில் ஒரு போட்டி நடைபெற்று, இங்கிலாந்தின் கிளாடிஸ் லன் அம்மையார் முதல்வரானார். ஆனால் அது ஆண்டுதோறும் ஒழுங்காக நடக்கத் தொடங்கியது 1967இலேயே. இதற்கிடையில் ஓடுவோரின் முகமும் மாறத் தொடங்கிற்று. அல்ஜீரியாவிற் பிறந்து பிரான்சின் கொடியின் கீழ் ஓடிய அலன் மிமூன், 1944இல் இத்தாலியின் கசினோப் போரில் கால் வெட்டப்படும் நிலைக்கு வந்து தப்பியவர். அக்காலைக்கொண்டே 1949, 1952, 1954, 1956 என்று நான்குமுறை இப்போட்டியில் முதலிடம் பெற்றார். 1956இன் இறுதியில் மெல்பேணில் ஒலிம்பிக் மரதனையும் வென்றார். ஆட்சி செய்தவனுடைய கொடியைத் தாங்கி ஓடுவதில் பெருமையும் வேதனையும் எவ்வளவு கலந்திருக்கும் என்பதை அந்நிய ஆட்சியை அறிந்த எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960இல் அதே ஹமில்ரனில், நால்வர் கூடித் தொடங்கிய அத்திடலில், நான்காண்டுகளுக்கு முன்னர் சுதந்திரம் பெற்ற மொறொக்கோவின் ரஹ்தி பென் அப்தெசலாம் தமது நாட்டுக் கொடியின் கீழேயே ஓடி முதலாவதாக வந்தார்.

1973 முதல் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் இதனைப் பொறுப்பேற்று, பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் உலகப் போட்டியாகத் தொடக்கியது. 1981இல் மட்ரிட் நகரில் எதியோப்பியர் முதன்முறை வந்தனர். முன்னணியில் ஓடிய அவர்கள், இன்னும் ஒரு சுற்று இருப்பதை அறியாமல் முடிவோட்டம் ஓடி நின்றுவிட்டனர். மறுபடி ஓடத் தொடங்குமுன் பலர் முந்திவிட்டனர். தனி வெற்றி அமெரிக்கரான கிரெய்க் வேர்ஜினுக்குப் போயிற்று. ஆனால் இடங்களைக் கூட்டிப் பார்த்தபோது எதியோப்பியாவே வென்றிருந்தது! தனிமனிதருடைய பிழையைக் கூட்டம் தாங்கிக்கொண்டது.

1986 முதல் 2003 வரை பதினெட்டு ஆண்டுகள் கென்ய ஆண்கள் இக்கிண்ணத்தை எவருக்கும் விடவில்லை. 1988இல் ஒக்லாந்தில் அவர்கள் பெற்ற தொகை 23; முதல் ஒன்பது இடங்களுள் எட்டு அவர்களுடையவை. போட்டியைப் பெற்றெடுத்த இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகியன தனித்தனியே ஓட உரிமையிழந்து, ஐக்கிய இராச்சியம் என்ற ஒரே அணியாக வரவேண்டியிருந்ததும் அதே ஒக்லாந்திலேதான். வீட்டைக் கட்டியவர் விருந்தினராய் வந்ததுபோலாயிற்று.

பின்னாளில் அறுவர் ஓடி நால்வரை எண்ணும் முறை வந்தது. 2017இல் உகண்டாவின் கம்பாலாவில், ஆண்களும் பெண்களும் முதன்முறை ஒரே தூரமாகிய 10 கிலோமீற்றர் ஓடினர். சொந்த மண்ணில் ஜோசுவா செப்ரெகெய் தனியே முந்தி இறுதிச் சுற்றுக்கு வந்தார். ஊரே ஆர்ப்பரித்தது. அப்பொழுது அவருடைய கால்கள் சோர்ந்தன. ஒருவர் முந்தினார், பின் பலர் முந்தினர். அவர் வெளியே விலகிப் போகவில்லை; தள்ளாடியபடியே வந்து முப்பதாவதாகக் கோட்டைக் கடந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நூதனசாலை ஒன்றின் புல்வளர்ந்த கூரைமீது ஏறி இறங்கும் கடினமான பாதையில் அவரே முதல்வரானார். அவருடைய நாட்டவரான ஜேக்கப் கிப்லிமோ இரண்டாவதாக வந்தார். மற்றிருவரும் வந்து சேர்ந்தபின் கூட்டிப் பார்த்தார்கள். ஆண்களுக்கான நாட்டு வெற்றி முதன்முறையாக உகண்டாவுக்கு.