சுழலாத உருளையும் கடல் தூண்டிலும்

தையல் நூல் உருளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துளையில் பென்சிலைச் செருகி, நூலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்து நிறுத்துங்கள். கை நின்ற பிறகும் உருளை சில சுற்றுகள் சுழன்று நூலைச் சிக்கலாக்கும். இனி அதே உருளையை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, நூலை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். உருளை அசைவதே இல்லை. நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று வருகிறது.

கரையில் நின்று கடலில் தூண்டில் வீசும் கலை எளியவர் கைக்கும் எட்டியதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கிய காரணம்.

பழைய ரீல்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. ஈயக் குண்டு பறக்கும்போது உருளையும் சுழலும். குண்டின் வேகம் குறைந்தாலும் சடத்துவத்தால் உருளையின் வேகம் குறையாது. வீசுபவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் நூல் குருவிக்கூடாகிவிடும். அந்தப் பழக்கம் கைவரப் பல நாள் ஆகும்.

1884-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மல்லோக் என்பவர் ஒரு வழி கண்டார். வீசும்போது உருளையைத் தொண்ணூறு பாகை திருப்பிவிட்டால் நூல் அதன் தலைவழியே கழலும். சுற்றும்போது பழையபடி திருப்பிக்கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு குறை. தலைவழியே கழலும் ஒவ்வொரு வளையமும் நூலில் ஒரு முறுக்கை ஏற்றும். திரும்பச் சுற்றும்போது அது நீங்குவதில்லை. வீச வீச முறுக்கு ஏறிக்கொண்டே போகும்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, கம்பளி ஆலைகளின் நகரம். ஆலைத் தொழிலில் ஊறிய இல்லிங்வொர்த், 1905-இல் பெற்ற காப்புரிமையில் உருளையை நிலையாகவே நிறுத்திவிட்டார். நூலைப் பற்றும் கொக்கி ஒன்று உருளையைச் சுற்றி வந்து நூலைச் சுற்றும். வீசும்போது ஏறிய முறுக்கு, சுற்றும்போது எதிர்த்திசையில் அவிழ்ந்துவிடும். எவ்வளவு எளிய கணக்கு, பாருங்கள்!

அடுத்தது நூல். அக்காலத்து லினன் நூலை ஒவ்வொரு முறையும் உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். 1938-இல் டூபாண்ட் நிறுவனம் அறிவித்த நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோலும் மாறியது. மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கோல்கள் விலை மிகுந்தவை; 1940-களில் வந்த கண்ணாடி இழைக் கோல் மலிவானது, ஈரத்துக்கு அஞ்சாதது. 1970-களில் வந்த கார்பன் இழைக் கோல் எடை குறைந்தது. ஆனால் பாறையில் மோதினால் எளிதில் சேதமாகும். புதியவருக்குக் கண்ணாடி இழையே போதும் என்பது என் கருத்து.

குறைந்த செலவில் தொடங்க விரும்புகிறீர்களா? நிலை உருளை ரீலும், எட்டு ஒன்பது அடிக் கண்ணாடி இழைக் கோலும் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். அவை துருப்பிடிக்காதவையா என்று கேளுங்கள்; ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி உலர்த்துங்கள். உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளடங்கும்வரை நூலை நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் கழலும் நூல் விளிம்பில் அதிகம் உராய்ந்து, வீச்சுத் தொலைவு குறையும்.

ரீலில் வழுக்குப் பிரேக் ஒன்று உண்டு; பெரிய மீன் இழுத்தால் நூல் அறுபடாமல் வழுக்கி விட்டுக்கொடுக்கும். நூல் தாங்கும் பளுவில் நான்கில் ஒரு பங்கு இழுவையில் அது வழுக்கத் தொடங்கட்டும். 6 கிலோ நூலுக்கு ஒன்றரைக் கிலோ. அளந்து பார்க்க, ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் வில் தராசே போதும்.