மதுரையின் நடிப்புப் பள்ளிகள்

திரைக்கும் மேடைக்கும் நடிகரைப் பயிற்றும் தனியார் பள்ளிகள் இன்று பெருநகரங்களில் பல தோன்றியிருக்கின்றன. ஆயினும் அரசாங்க உதவியோ சர்வகலாசாலைப் பட்டமோ இன்றி, ஒரு வாத்தியாரும் ஒரு ஹார்மோனியமும் ஒரு வாடகை வீடுமே மூலதனமாக நடிப்பைக் கற்பித்த கலாசாலைகள் நூறாண்டுகளுக்கு முன்பே நம் மதுரையில் நடந்தன என்பதை வைகையின் வடகரையிலுள்ள நம் செல்லூரில் வாழ்வோரிலேயே பலர் அறியார். பாய்ஸ் கம்பெனி என்று ஜனங்கள் அழைத்த அந்தப் பாலர் சபைகளே தமிழ் நடிப்புக் கல்வியின் மூலஸ்தானம் என்பது என் துணிபு.

1867-இல் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், எமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையேறிக் கீர்த்தி பெற்றபின், வேஷத்தை விடுத்து வாத்தியாரானார். வயது வந்த நடிகர்கள் எழுதியதை ஒதுக்கி மனம்போனபடி பேசுவதையும் பாடுவதையும் கண்டு சலித்த அவர், சொன்னதைச் சொன்னபடி செய்யும் சிறுவர்களைக் கொண்டே நாடகக் கலையை உய்விக்க முடியும் என்று தெளிந்து, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தமையன்மாரோடு அதில் சேர்ந்த பாலகர் தி. க. சண்முகத்தின் திறமையைக் கண்டு, அவர் நடிப்பதற்கென்றே பாட்டும் வசனமுமாக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார். மாணவனின் குரலையும் வயதையும் அளந்து அவனுக்கென்றே பாடம் எழுதித்தரும் ஆசிரியர் எந்தக் கலாசாலையில்தான் எளிதில் கிடைப்பார்!

சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு, உறங்கி, வாத்தியாருக்கு எதிரே அமர்ந்து விருத்தமும் தர்க்கப் பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்டார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேஷங்கள் வகுக்கப்பட்டாலும், ஒருவன் காய்ச்சலில் படுத்தால் மற்றொருவன் அன்றிரவே அந்த வேஷத்தைக் கட்டவேண்டியிருந்தமையால், பிறர் பாடத்தையும் தன் பாடமாகவே கேட்டு வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கமாயிற்று. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும்போதுதான் பரிதாபம். நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்று கரகோஷம் பெற்றவன் இன்று படுதாவுக்குப் பின்னால் நிற்பான். அந்தச் சோதனைக்கு ஆளான பி. யு. சின்னப்பா சிலம்பமும் தேகப்பயிற்சியும் பழகித் தம்மைப் புதுக்கிக்கொண்டு, 1940-இல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேஷம் தாங்கியதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

சின்னப்பா பயின்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியை நடத்தியவர் எஸ். எம். சச்சிதானந்தம் பிள்ளை. எம். ஜி. ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அங்கே வளர்ந்தவர்களே. பாட்டே பிரதானமாயிருந்த காலத்தில் வசன நடிப்பையும் சமூக நாடகத்தையும் பாலர் சபைகளுக்குள் கொணர்ந்த எம். கந்தசாமி முதலியாரின் குமாரர் எம். கே. ராதா கதாநாயகராகவும், ராமச்சந்திரன் சிறு வேஷத்திலும் 1936-இல் சதிலீலாவதி படத்தில் தோன்றினர். ஜெகந்நாத ஐயர் கம்பெனி எம். ஆர். ராதாவையும், யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை கம்பெனி சிவாஜி கணேசனையும் தந்தன. 1952-இல் பராசக்தியின் நெடிய வசனத்தைக் கணேசன் மூச்சு குலையாமல் பேசியபோது தமிழகம் வியந்தது. அந்த மூச்சு கம்பெனி வீட்டில் பழகிய மூச்சு.

அக்காலக் கொடுமைகளை நான் மறைக்க விரும்பவில்லை. பள்ளிப்படிப்பை இழந்து, பெற்றோரைப் பிரிந்து, பிரம்படிக்கு அஞ்சி வாழ்ந்த குழந்தைகளின் கண்ணீரும் அக்கலையில் கலந்திருக்கிறது. அது மீண்டும் வரவேண்டியதில்லை. அந்த அப்பியாச முறையே வேண்டும். 1977-இல் சென்னையில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், மறு ஆண்டு மதுரையில் மு. ராமசாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கமும், உடலையும் குரலையும் முதலில் பண்படுத்த வேண்டும் என்ற அதே தத்துவத்தை வேறு வழியில் போற்றின.

வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையே இன்றி, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்தும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் இன்றும் மதுரையில் இருக்கிறார்கள். சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பதாலன்றோ அது கைகூடுகிறது! அவர்களுள் மூத்தோரை ஆசிரியர்களாக அமர்த்தி, வைகையின் இவ்வடகரையில், செல்லூரிலேயே, சுவாமிகள் பெயரால் ஒரு நடிப்புப் பள்ளி அமைக்க இவ்வூர்ச் செல்வர்களும் சங்கத்தாரும் முன்வரவேண்டும். அம்மூதாளர் நம்மிடையே இருக்கும்போதே முன்வரவேண்டும்.