கோட்டிலிருந்து பரப்புக்கு: கணினி வரைகலையில் பல்கோண வெட்டலும் நிரப்பலும் – ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: பல்கோணம், வெட்டல், நிரப்பல், வரைவி, வருடுகோடு, உட்பகுதி விதி

முன்னுரை

சாளரத்திற்கு வெளியே விழும் பகுதியை நீக்குவது வெட்டல்; எல்லைக்கோட்டுக்குள் அமையும் பரப்பை நிறத்தாலோ கோடுகளாலோ மூடுவது நிரப்பல். கணினி வரைகலைப் பாடநூல்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் தனித்தனியே விளக்குகின்றன. ஆயினும் வரலாற்று நிலையில் இவை ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. பல்கோணத்தின் உட்பகுதி எது என்னும் ஒரே வினா இரண்டிற்கும் அடிப்படையாக அமைந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோடுகளின் காலம்

1959இல் வெளிவந்த கால்காம்ப் 565 வரைவியில், தாளைத் தாங்கிய உருளை சுழல, எழுதுகோல் குறுக்காக நகர்ந்து கோடு இழுத்தது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேடும் கோட்டுருவங்களையே கையாண்டது. எனவே தொடக்ககால வெட்டல் முறை கோட்டை மட்டுமே கருதியது. 1960களின் பிற்பகுதியில் டேனி கோகனும் சதர்லாந்தும் வகுத்த நெறிமுறை, சாளரத்தின் பக்கங்களை நீட்டித் தளத்தை 9 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 4 பிட் குறியீடு அளித்தது. கோட்டின் இரு முனைகளின் குறியீடுகளை ஒப்பிட்டே, பல கோடுகளை வெட்டுப்புள்ளி காணாமல் ஏற்கவோ தள்ளவோ முடிந்தது.

வரைவியில் பரப்பை மூட இணைகோடுகளே பயன்பட்டன. ஒவ்வோர் இணைகோடும் பல்கோணத்தின் பக்கங்களை எங்கெங்கு வெட்டுகிறது எனக் கண்டு, அப்புள்ளிகளை வரிசைப்படுத்தி, முதலாவதை இரண்டாவதோடும் மூன்றாவதை நான்காவதோடும் இணைத்தால் போதும். ஒற்றைப்படை வெட்டுக்குப்பின் உள்ளே, இரட்டைப்படை வெட்டுக்குப்பின் வெளியே என்ற வரையறை இச்செயலிலேயே அடங்கியிருந்தது.

பரப்பின் காலம்

1967இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் வைலி, ராம்னி, எவன்ஸ், எர்டால் ஆகியோர் முக்கோணப் பரப்புகளை வரிவரியாகக் கணித்து நிழலிட்டுக் காட்டும் முறையை வெளியிட்டனர். இணைகோடுகளின் இடைவெளியை ஒரு படப்புள்ளி அளவிற்குக் குறைத்தால் வரைவியின் கோட்டு நிரப்பல் வருடுகோட்டு நிரப்பலாகிவிடும். கருவி மாறியபோதும் கணிதம் மாறவில்லை.

வெட்டலின் நிலை அவ்வாறன்று. பல்கோணத்தின் பக்கங்களைத் தனித்தனிக் கோடுகளாக வெட்டினால், சாளர ஓரத்தில் எல்லை திறந்துவிடும். திறந்த எல்லையில் வெட்டுப்புள்ளிகள் இணை சேரா. நிறம் உருவத்தைக் கடந்து பரவும். 1974இல் சதர்லாந்தும் கேரி ஹாட்ஜ்மனும் வெளியிட்ட நெறிமுறை இச்சிக்கலைத் தீர்த்தது. அது சாளரத்தின் ஒவ்வொரு பக்கத்தாலும் முழுப் பல்கோணத்தையும் வெட்டி, மூடிய பல்கோணத்தையே விடையாகத் தந்தது.

குழிந்த பல்கோணங்களில் அதன் குறை வெளிப்பட்டது. ‘ப’ வடிவ உருவத்தின் அடிப்பட்டை சாளரத்திற்குக் கீழே விழுவதாகக் கொள்வோம். எஞ்சும் இரு கால்களும் தனித்தனி உருவங்களாகாமல், சாளர ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் பக்கங்களால் பிணைந்தே நிற்கும். அப்பிணைப்பிற்குப் பரப்பளவு இல்லாததால் நிரப்பலில் அது புலப்படாது; எல்லையை எழுதுகோலால் வரைந்தாலோ உருவத்தில் இல்லாத கோடு தாளில் தோன்றும். 1977இல் கெவின் வெய்லரும் பீட்டர் ஆதர்ட்டனும் இரு எல்லைகளின் வழியே மாறிமாறிச் செல்லும் முறையால் இத்தகைய துண்டுகளைத் தனித்தனிப் பல்கோணங்களாகப் பிரித்தனர்.

உட்பகுதி விதி

தன்னைத்தானே வெட்டும் பல்கோணத்தில் உட்பகுதி எது என்பதே கேள்விக்குரியது. கையெடுக்காமல் வரைந்த ஐங்கோண விண்மீனின் நடுப்பகுதி, ஒற்றை-இரட்டை விதிப்படி வெற்றிடம். எல்லை எத்தனை முறை சுற்றுகிறது என எண்ணும் சுழியமல்லாச் சுற்று விதிப்படி நிறைந்த பகுதி. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இவ்விரு விதிகளுக்கும் தனித்தனிக் கட்டளைகளை வழங்கித் தெரிவைப் பயனரிடம் விட்டது.

1992இல் பாலா ஆர். வட்டி வெளியிட்ட நெறிமுறை, முனைகளின் உயரங்களைக் கொண்டு தளத்தைக் கிடைப்பட்டைகளாகப் பகுத்து, தன்னைத்தானே வெட்டும் பல்கோணங்களையும் வெட்டியது. நிரப்பலுக்குரிய வருடல் முறை இங்கு வெட்டலுக்கே அடிப்படையாயிற்று.

முடிவுரை

இவ்வளர்ச்சியை வேகத்தின் வரலாறாக மட்டும் காண்பது பொருந்தாது. பிழை எது என்பதையே வெளியீட்டுக் கருவி தீர்மானித்தது: திரையில் மறைந்த குறை தாளில் வெளிப்பட்டது. உட்பகுதி என்பது உருவத்தில் தானே அமைந்த பண்பன்று, விதியொன்றால் வரையறுக்கப்படுவது. இரண்டையும் பிரித்துக் கற்கும் மாணவர், 1974ஆம் ஆண்டு நெறிமுறையின் படிகளை ஒப்பிக்கலாம். அதன் குறை ஏன் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்பதை விளக்க இயலாது. ஆகவே வெட்டலையும் நிரப்பலையும் இணைத்துக் கற்பிப்பதே அவற்றின் வரலாற்றுக்கு உகந்ததாகும்.