அம்மாவின் கையில் கொடுத்த காசு: மெக்சிகோ கிராமங்களின் கதை

ஏழைக்குப் பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா? இந்தக் கேள்வி எங்கே எழுந்தாலும் "பணமாகக் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். மெக்சிகோவிலும் இருந்தார்கள். அதையும் மீறி 1997 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசாங்கம் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாக ரொக்கம் கொடுக்கத் துவங்கியது. திட்டத்தின் பெயர் புரோகிரேசா. உலகத்தில் பல நாடுகள் பின்னால் காப்பியடித்த திட்டம் இது. பொருளாதாரப் புத்தகங்களில் இதைப் பற்றி நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஒரு வீட்டின் அன்றாடத்தை எப்படி மாற்றியது என்பதுதான் எனக்கு சுவாரசியமாகப் பட்டது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ நாணயம் சரிந்து விழுந்தது. அடுத்த வருடம் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 6 சதவீதம் சுருங்கியது. அதுவரை ஏழைகளுக்கான உதவி என்றால் பெரும்பாலும் உணவு மானியம்தான். மக்காச்சோள ரொட்டியான டோர்டியாவை (நமக்கு சோறு மாதிரி அவர்களுக்கு அது) மலிவு விலையில் கிடைக்கச் செய்வது, பால் கொடுப்பது, இப்படி. இதில் வேடிக்கை என்னவென்றால், மானியத்தின் பெரும்பகுதி நகரங்களிலேயே நின்றுவிட்டது. கொடிய வறுமையோ கிராமங்களில் இருந்தது! மலை மேல் இருக்கும் குடும்பம் தன் சோளத்தைத் தானே விளைவித்து, தானே அரைத்து, தானே சுட்டுத் தின்றது. கடை டோர்டியாவின் விலை குறைந்தால் அதற்கு என்ன லாபம்?

அப்போது நிதித்துறையில் துணை அமைச்சராக இருந்த சான்டியாகோ லெவி என்ற பொருளாதார நிபுணர், மானியத்தைக் குறைத்து அந்தப் பணத்தை நேராகக் குடும்பத்திடம் கொடுப்போம் என்றார். ஜனாதிபதி செடில்லோ ஒப்புக்கொண்டார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனைகள் இருந்தன. பிள்ளைகள் பள்ளி நாட்களில் 85 சதவீதமாவது வகுப்பில் இருக்க வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் குறித்த காலத்தில் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சுகாதாரம் பற்றிய கூட்டங்களுக்கு அம்மா போக வேண்டும். இதையெல்லாம் செய்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் வரும். அதுவும் அப்பாவின் கையில் அல்ல, அம்மாவின் கையில்.

தொகையைப் பாருங்கள். 1998-ன் இரண்டாம் பாதியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 70 பெசோ. ஆறாம் வகுப்புக்கு 135. அதற்கு மேலே ஏழாம் வகுப்பில் பையனுக்கு 200, பெண்ணுக்கு 210. ஒன்பதாம் வகுப்பில் பையனுக்கு 225, பெண்ணுக்கு 255. அந்தக் காலத்தில் ஒரு டாலருக்கு 9, 10 பெசோ. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏன் ஏறுகிறது என்றால், வயது ஏற ஏறப் பிள்ளை வேலைக்குப் போனால் கொண்டுவரும் கூலியும் ஏறும். அந்தக் கூலியோடு போட்டி போடத்தான் இந்தக் கணக்கு. பெண்ணுக்கு ஏன் கூடுதல்? ஆறாம் வகுப்போடு பெண்களை நிறுத்திவிடும் பழக்கம் அங்கே அதிகம். மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருக்கும், வீட்டிலோ தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டும்.

பலன் தெரிந்தது. ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு ஏழாம் வகுப்பில் சேருகிறவர்கள் சுமார் 58 சதவீதத்திலிருந்து 69 சதவீதமானார்கள். இதில் பெண்களின் உயர்வு பையன்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். ஏழு மாநிலங்களில் 506 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு முதலில் பணம் கொடுத்தார்கள். மீதி 186 கிராமங்கள் 1999 முடியும் வரை காத்திருந்தன. மருந்தைச் சோதிப்பது போல இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கு அருமையான ஏற்பாடுதான். காத்திருந்த கிராமத்தில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, வீட்டுக்குள் என்ன நடந்தது? முதலில் தட்டு மாறியது. சோளமும் பீன்ஸும் மட்டுமே இருந்த இடத்தில் காய்கறி, பழம், இறைச்சி கொஞ்சம் சேர்ந்தது. வயிறு நிறைவதைவிட உணவின் தரம் கூடியதுதான் பெரிய மாற்றம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளைகளுக்குத் துணிமணி வந்தது. குடிக்கான செலவு கூடியதா என்றும் தேடிப் பார்த்தார்கள், கூடவில்லை. சின்னக் குழந்தைகளுக்கென்று சத்துமாவும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கும்போது கடைக்குட்டிக்கு மட்டும் எந்தத் தாய் கஞ்சி கரைத்துக் கொடுப்பாள்? எல்லோருக்கும் பங்கு போனது. திட்டம் போட்டவர்கள் அம்மாக்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்!

இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது. வந்த ஒவ்வொரு பெசோவிலும் சுமார் 74 சென்டாவோ (நூறு சென்டாவோ ஒரு பெசோ) செலவானது, மீதி 26 சென்டாவோ முதலீடாகப் போனது என்று பின்னால் ஒரு ஆய்வு கணக்கிட்டது. முதலீடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வளர்க்க ஆடு மாடு கோழி, உழ இன்னும் கொஞ்சம் நிலம், கைவினைப் பொருள் செய்து விற்பது போன்ற சிறு தொழில். ஏழைக்கும் நாளையைப் பற்றிய கணக்கு உண்டு. இன்றைய சாப்பாட்டுக்கு வழி பிறந்தால் அந்தக் கணக்கைப் போட நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இனி அம்மாவுக்கு வருவோம், எனக்கு முக்கியமாகப் படும் பகுதி இதுதான். பணம் அவள் கையில் வந்ததால் வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு கூடியது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2003-ல் எடுத்த தகவல்களை வைத்துப் பார்த்தபோது, பணம் பெற்ற பெண்கள் கணவனிடம் அடி வாங்குவது மற்றவர்களைவிட சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அடிப்பேன் என்ற மிரட்டல் மட்டும் கூடியிருந்தது! பணத்தைப் பிடுங்க அது ஒரு வழி. பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது அடி குறைந்திருந்த அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது.

அவளுடைய நேரம் என்ன ஆனது? பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், அதனால் முன்பு மகள் செய்த வீட்டு வேலை அவள் தலையில். சுகாதார நிலையத்துக்கு நடை. கூட்டத்துக்கு நடை. தந்தி அலுவலகத்தார் வந்து பணம் பட்டுவாடா செய்யும் இடம் தூரத்து ஊரில் என்றால் அதற்கு ஒரு நாள் போய்விடும், வரிசையில் நிற்பது தனி. இதற்கு மேல் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்மணியைத் தேர்ந்தெடுத்து, திட்டத்துக்கும் மற்ற பெண்களுக்கும் இடையே தகவல் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. நிபந்தனைகள் எல்லாம் "குடும்பத்துக்கு" என்றுதான் எழுதியிருந்தன. அவற்றை நிறைவேற்றியது அம்மா. மகளின் நேரத்துக்கு அரசாங்கம் மாதம் 210 பெசோ விலை வைத்தது, தாயின் நேரத்துக்கு ஒரு விலையும் வைக்கவில்லை. அரசாங்கம் அம்மாக்களைத் தன் வேலையாட்களாக ஆக்கிக்கொண்டது என்று சில பெண்ணிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். முழுவதும் சரியென்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் கூட்டங்களுக்குப் போன பெண்கள் பலர் வீட்டை விட்டு வெளியே வந்து பேச அது ஒரு வாய்ப்பு என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டுக்கு நல்ல பதில் எதையும் நான் படிக்கவில்லை.

ஊருக்குள்ளும் பிளவு வந்தது. யார் ஏழை என்பதை வீடு வீடாகக் கணக்கெடுத்து ஒரு சூத்திரம் முடிவு செய்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டிலும் மண் தரை, ஒன்றுக்குப் பணம் உண்டு, மற்றதற்கு இல்லை. ஊர் கூடிச் சாலை, பள்ளிக்கூடம் என்று சேர்ந்து வேலை செய்யும் பழைய வழக்கம் அங்கே உண்டு. "பணம் வாங்குகிறவர்களே போய்ச் செய்யட்டும்" என்று சிலர் வர மறுத்தார்கள். அதே நேரம் கைமாற்றாகவும் கடனாகவும் அந்தக் காசு பக்கத்து வீட்டுக்கும் போனது. பணம் பெறாத குடும்பங்களின் நுகர்வுகூட சுமார் 10 சதவீதம் உயர்ந்ததாக ஒரு ஆய்வு காட்டுகிறது. கோபமும் கைமாற்றும் ஒரே தெருவில்!

1999 முடிவில் 26 லட்சம் குடும்பங்கள் இதில் இருந்தன. 2000-ல் ஆளுங்கட்சி தோற்றும் திட்டம் பிழைத்தது. 2002-ல் ஒப்போர்துனிதாதெஸ் என்றும் 2014-ல் புரோஸ்பேரா என்றும் பெயர் மாறியது. 2007-ல் நியூயார்க் நகரமே இதைப் பார்த்துத் தன் ஏழைகளிடம் சோதித்தது. கடைசியில் 2019-ல் ஜனாதிபதி லோபெஸ் ஒப்ரதோரின் அரசு திட்டத்தை மூடியது. அதற்குப் பதிலாக வந்த உதவித்தொகையில் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு, ஒரு பிள்ளையோ நான்கு பிள்ளையோ, துவக்கத்தில் மாதம் 800 பெசோ என்று ஒரே தொகைதான் இருந்தது. அம்மா கட்டாயமாகப் போக வேண்டிய கூட்டம் நின்றது. சுகாதார நிலைய நடையும் நின்றது. அவற்றோடு, ஏழாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கென்று இருந்த கூடுதல் தொகையும் நின்றது.