கரமசோவ் சகோதரர்கள்: ஃபிராய்டிய வாசிப்பு

தஸ்தயேவ்ஸ்கியின் இறுதி நாவலான ‘கரமசோவ் சகோதரர்கள்’ (1880) பாத்திரங்களை சிக்மண்ட் ஃபிராய்டின் ஆளுமைக் கோட்பாட்டால் விளக்கும் முறை. மனத்தை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என ஃபிராய்டு 1923இல் வகுத்தார். சகோதரர்களில் இச்சையின் வழியே ஓடும் திமித்ரியை இட் என்றும், தர்க்கம் பேசும் இவானை ஈகோ என்றும், துறவுள்ளம் கொண்ட அல்யோஷாவை சூப்பர் ஈகோ என்றும் பொருத்துவதுண்டு. எளிய பொருத்தம்தான், ஆனால் போதாது. சூப்பர் ஈகோவுக்குரிய குற்றவுணர்வில் மனம் பேதலிப்பவன் இவான் அல்லவா?

1928இல் வெளியான கட்டுரையில் ஃபிராய்டு ஆழமாகப் போகிறார். நாவலில் சகோதரர்களின் தந்தையைக் கொன்ற கை வேலைக்காரன் ஸ்மெர்த்யாகோவுடையது. ஆனாலும் அக்கொலையை மனத்தில் விரும்பியதால், அல்யோஷா நீங்கலாகச் சகோதரர்கள் எல்லோரும் குற்றவாளிகளே என்கிறார் ஃபிராய்டு. கொலைக்கு முன்பே, மடத்து அறையில் முதிய துறவி ஜோசிமா திமித்ரியின் காலடியில் நெற்றி நிலம்பட வணங்குகிறார். மனத்தளவில் கொலைகாரனான அவனை வெறுக்கத் தூண்டும் தன் மனத்தையே துறவி அங்கே அடக்குகிறார் என்பது ஃபிராய்டின் விளக்கம்.